மூடி கூடலூரில் இருந்தது

"ஆசியான்னா எங்கிட்டு? போடிமெட்டுக்கு அங்கிட்டா, இங்கிட்டா?"

கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூரில், ஜீப் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாரா என்று மூஞ்சியில் ஒன்றும் தெரியவில்லை. "நாம நிக்கிற எடமும் ஆசியாதாண்ணே" என்றேன். "அப்படின்னா எங்க வீட்டுக் கொழம்புச் சட்டியும் ஆசியாச் சட்டிதான? அதையும் மியூசியத்துல வச்சிருங்க. எங்க வீட்டம்மா நெதம் அதப் பாத்துத்தான் கோவப்படுது" என்றார். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்பதற்காகவே அந்த வருடம் நான் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

விஷயம் இதுதான். தேனியில் ஏலக்காய் வியாபாரி ஒருவர், தொழிலுக்காகப் போன நாடுகளிலிருந்தெல்லாம் எதையாவது வாங்கிக் கையோடு கொண்டுவருகிற பழக்கம் உள்ளவர். வீடு கொள்ளாமல் போய்விட்டது. பழைய ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றைப் புதுப்பித்து, ஆசியக் கலைப்பொருட்களுக்கு ஓர் அருங்காட்சியகம் திறப்பது என்று முடிவு செய்தார். சுவருக்கு எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் உள்ளே ஏலக்காய் வாசம் மட்டும் போகவில்லை. பொருட்களைப் பார்த்துக்கொள்ள, சென்னையில் பெரிய மியூசியத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணைக் காப்பாட்சியராக அழைத்து வந்தார். எனக்கு மகள் வயது. நாங்கள் எல்லோரும் மேடம் என்போம். அவர் என்னை அக்கா என்பார்.

எனக்கும் மியூசியத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், பாத்திரம்தான் சம்பந்தம். தேனி பஜாரில் நானும் என் வீட்டுக்காரரும் பாத்திரக்கடை வைத்திருந்தோம். இப்போது மகன் பார்க்கிறான். கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வருகிறவர்கள் கடைக்குள் உட்கார்ந்தால் சும்மாவா இருப்பார்கள்? யார் வீட்டில் எந்த அண்டா இருக்கிறது, யார் வீட்டுப் பரணில் பர்மா சாமான் இருக்கிறது, மலேயாவிலிருந்து வந்த ஜாடியில் யார் நார்த்தங்காய் ஊறப்போடுகிறார்கள் என்று எல்லாம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மிச்சம் பூராவும் கடைக்கு வந்தவர்கள் பேசக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். இந்தப் பள்ளத்தாக்கில் ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று போய்த் திரும்பாத குடும்பம் குறைவு. "வெளிநாட்டில் போய் வாங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா. இங்கே வீடுகளில் இருப்பதை நீங்கள் பாருங்கள்" என்று மேடம் சொன்னார். அந்த வருடம் அவர் கொழும்பு, பாங்காக் என்று போனார். நான் சின்னமனூர், உத்தமபாளையம் என்று போனேன். இரண்டு பேருக்கும் அலைச்சல் ஒன்றுதான். அவருக்குச் சாப்பாடு கொஞ்சம் கஷ்டம். எனக்கு அந்தக் கஷ்டமும் இல்லை.

வீடு வீடாகப் போனதில் ஒன்று தெரிந்துகொண்டேன். கொடுக்க மனசில்லாதவர்கள் இல்லை என்று சொல்லவே மாட்டார்கள். "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். அதோடு அந்தப் பொருளின் பேச்சு முடிந்தது. கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள், "இது கெடக்கு, தூக்கிப் போட மனசு வரல" என்று ஆரம்பிப்பார்கள். கண்டிப்பாகக் கொடுக்கப்போகிறவர்கள் நம்மைத் திட்டுவார்கள். "இத வாங்கிட்டுப் போயி என்ன பண்ணப் போறீக? வேற சோலி இல்லையா உங்களுக்கு?" அப்படித் திட்டு விழுந்தால் நான் பையை விரித்துவிடுவேன்.

இன்னொன்று, எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமனே கொடுத்தனுப்ப மாட்டார்கள். கல்யாண வீட்டுச் சட்டியாக இருந்தாலும், மியூசியத்துக்குப் போகிற சீன ஜாடியாக இருந்தாலும், வாசல் தாண்டும்போது உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். ஒரு கை அரிசி, ஒரு துண்டு வெல்லம், நாலு மஞ்சள் கிழங்கு. மேடத்துக்கு இது பெரிய தலைவலி. அரிசி இருந்தால் வண்டு வரும், வெல்லம் இருந்தால் எறும்பு வரும். "வெறுமனே தரச் சொல்லுங்கள் அக்கா" என்று கெஞ்சினார். அதை நான் எந்த வாயால் சொல்வேன்? கடைசியில் ஒரு வழி செய்தேன். தெரு முக்குவரை அப்படியே கொண்டுவந்து, அங்கே ஒரு துணிப்பையில் கொட்டிக்கொள்வது. அந்த வருடம் எங்கள் வீட்டில் பொங்கலுக்கு அரிசி வாங்கவில்லை.

சுருளிப்பட்டியில் பர்மாப் பெட்டி ஒன்று இருக்கிறது என்பது கடைப் பேச்சில் கேட்டதுதான். திராட்சைத் தோட்டக்காரர் வீடு. அறுபது தாண்டியவர். நான் போனபோது தோட்டத்தில் பந்தலுக்குக் கீழே குனிந்து நின்று கொடியில் இலை கிள்ளிக்கொண்டிருந்தார். பெட்டி பக்கத்திலேயே மண்ணில் இருந்தது. உருண்டையான பெட்டி, ஒரு சின்னக் குடம் அளவு. மூங்கில் சிம்பைச் சுற்றிச் சுற்றிப் பின்னி, மேலே மரப்பால் பூசிப் பூசி மெருகேற்றியது. செம்பருத்திச் சிவப்பு. பர்மாவில் வெற்றிலை போட வைத்திருக்கிற பெட்டி. அவர் அதில் கொடி கழிக்கிற கவாத்துக் கத்தரியும் சணல் கயிறும் போட்டு வைத்திருந்தார்.

"எங்கய்யா ரங்கூன்ல அரிசி மில்லுல இருந்தாக. வரும்போது எங்கம்மாவுக்குன்னு கொண்டாந்தாக. இதப் போயி வாங்குறதுக்குத் தேனியில இருந்து வந்தீகளாக்கும்? வெயில்ல உங்களுக்கு என்னமும் ஆயிருச்சா?"

திட்டு விழுந்துவிட்டது. பையை விரித்தேன்.

கத்தரியையும் கயிற்றையும் எடுத்துக் கீழே வைத்தார். துண்டால் பெட்டியைத் துடைத்தார். அப்புறம் பந்தலை அண்ணாந்து பார்த்து, நல்ல கொத்தாகப் பன்னீர்த் திராட்சை இரண்டு வெட்டி உள்ளே வைத்துக் கொடுத்தார்.

தேனியில் மேடம் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷத்தோடு வேறொன்றும் இருந்தது. "அக்கா, இந்தக் கீழ்விளிம்பைப் பாருங்கள். இந்த ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கொடி வேலைப்பாடு இருக்கிறது. மேலே எல்லாம் வெறும் சிவப்பு. ஏன் தெரியுமா? இந்த வகைப் பெட்டிக்கு மூடி தொப்பி மாதிரி மேலே மட்டும் உட்காராது. சட்டை மாதிரி முழுசாகக் கீழேவரை இறங்கும். வெளியே தெரிகிற இந்த விளிம்புக்கு மட்டும்தான் பெட்டியில் வேலைப்பாடு. படமெல்லாம் மூடியில் இருக்கும். நம்மிடம் இருப்பது உள்பாகம்."

எனக்கு அதுவரை அந்த வெறும் சிவப்பே அழகாகத்தான் இருந்தது. அவர் சொன்னபிறகு, சட்டை போடாமல் நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது.

திராட்சைத் தோட்டக்காரருக்குப் போன் போட்டேன். இனி அவரை அண்ணன் என்றே சொல்கிறேன், ஏனென்றால் கதையில் அவருக்கு ஒரு தம்பியும் தங்கச்சியும் வருகிறார்கள்.

"மூடியா?" என்றார். "உள்ளுக்குள்ள வைக்கிற தட்டு ஒண்ணு உண்டு, அது குச்சனூர்ல என் தம்பிகிட்ட இருக்கு. மூடி கூடலூர்ல இருக்கு. அத விட்டுருங்க."

கூடலூர் என்று அவர் சொன்ன விதத்தைக் கேட்டால் அது எங்கோ கடல் தாண்டி இருக்கிற ஊர் என்று நினைப்பீர்கள். கம்பத்தில் இறங்கினால் ஒரு பக்கம் சுருளிப்பட்டி. இறங்காமல் அதே பஸ்ஸில் குமுளி ரோட்டில் உட்கார்ந்திருந்தால் கூடலூர். அவ்வளவுதான் தூரம்.

முதலில் குச்சனூர் போனேன். தம்பி சனீஸ்வரர் கோயில் பக்கத்தில் எள்ளும் நல்லெண்ணெயும் விற்கிற கடை வைத்திருக்கிறார். தட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது, நிறைய எள்ளுப் பொட்டலங்களோடு. அண்ணன் வாய் திறக்காதவர் என்றால் தம்பி மூடாதவர். கேட்டதும் கொடுத்துவிட்டார். பொட்டலத்தை எல்லாம் எடுத்துவிட்டு, வழக்கம் விடக்கூடாது என்று ஒரு பொட்டலத்தைத் திரும்ப வைத்தார். கோயிலில் தோஷம் கழிக்கிற எள். நான் தயங்கியதையும் என் கழுத்துச் சிலுவையையும் பார்த்துச் சிரித்தார். "நீங்க வேதக்காரவுகதான. உங்கள சனீஸ்வரரு கண்டுக்கிற மாட்டாரு. சும்மா கொண்டுட்டுப் போங்க."

மூடிக் கதையை அவர்தான் சொன்னார். அம்மா இறந்தபிறகு பாகம் பிரித்தார்கள். நிலம் இரண்டு பையன்களுக்கு. தங்கச்சி, வீட்டில் கேட்காமல் குமுளிப் பக்கத்து மலையாளத்தார் ஒருவரை, ஜீப் ஓட்டுகிறவரை, கல்யாணம் கட்டிக்கொண்டவர். தங்கச்சி நிலம் கேட்கவில்லை. அம்மாவின் வெற்றிலைப் பெட்டி மட்டும் வேண்டும் என்றார். அண்ணனும் அது வேண்டும் என்றார். இரண்டு பேரும் கேட்கும்போது நாம் மட்டும் கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று தம்பியும் கேட்டார்.

"பாகம் பிரிச்சு வைக்க வந்த பெரியவுக பாத்தாக. மூணு பேரும் கேக்குறீக, பெட்டியும் மூணாத்தான இருக்கு, ஆளுக்கொண்ணு எடுத்துக்கங்கன்னுட்டாக. அண்ணே பெட்டிய எடுத்துக்கிட்டாரு. எனக்குத் தட்டு. மிச்சமிருந்தது மூடி, அதத் தங்கச்சிகிட்டக் குடுத்தாச்சு. மூடியில என்னத்தப் போட்டு வைக்க முடியும், சொல்லுங்க? அதுவும் வாங்கிட்டுப் போயிருச்சு. சண்டையில்லாம முடிஞ்சுச்சு."

"அப்புறம் சண்டை வந்துச்சா?"

"பேச்சே இல்லாமப் போச்சு. பேசுனாத்தான சண்டை வரும்?"

எங்கள் ஊரில் பாகம் பிரிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜோடிக் குத்துவிளக்கில் ஆளுக்கொன்று, அம்மி ஒருத்தருக்குக் குழவி இன்னொருத்தருக்கு. யாருக்கும் கூடவும் கூடாது குறையவும் கூடாது என்ற நியாயத்தில் ஒன்றுக்கும் உதவாமல் ஆக்கிவிடுவார்கள். ஆனால் இங்கே நடந்ததை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டோம் என்று அண்ணன் நினைத்திருந்தார். படமெல்லாம் தங்கச்சியோடு போய்விட்டது.

கூடலூரில் தங்கச்சி ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறார். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பெல்லாம் காலையிலேயே மலை ஏறிவிடும். அதற்குப் பிறகு போனால் கடையில் கூட்டம் இருக்காது. மூடியைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சாமி படங்களுக்குப் பக்கத்தில் பலகையில் நின்றது. கறுப்பும் சிவப்பும் கொஞ்சம் பச்சையும். சுற்றிலும் ஊசியால் கீறிய படம். ராஜா, குடை, ஆடுகிற பெண்கள், வரிசையாக யானைகள். தினமும் துடைப்பார் போல, பளபளப்பு மங்கவில்லை.

"உள்ள என்ன வச்சிருக்கீக மதினி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. அதுக்குள்ளயும் ஒண்ணும் வைக்கிறதில்ல, அதுமேலயும் ஒண்ணும் வைக்கிறதில்ல. கேக்கு டப்பான்னு நெனச்சு டிரைவருக கேப்பாக, சேச்சி ஒரு பீஸு குடுன்னு."

மியூசியம் விஷயத்தைச் சொன்னேன். பெட்டியும் தட்டும் வந்துவிட்டதைச் சொன்னேன். வடைக்கு மாவு உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே பெட்டியில என்ன வச்சிருந்தாக?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கவாத்துக் கத்தரி."

உருட்டியதைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். "மூடி எங்கிட்ட இருக்க வரைக்கும் அவுக என்னையத் தேடி வந்துதான ஆகணும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு பெட்டிய எத்தன நாளைக்குத் தெறந்தே வச்சிருப்பாக? என் மகளுக்குக் காது குத்துறப்ப மடியில உக்காத்தி வைக்கத் தாய்மாமன் ரெண்டு பேரும் வரல. எங்க வீட்டுக்காரரு தம்பிய உக்கார வச்சோம். அப்பக்கூட, சரி, மூடி நம்மகிட்ட இருக்கு, வருவாகன்னு இருந்தேன். கத்தரிக்கு எதுக்கு மதினி மூடி?"

காப்பி குடித்துவிட்டுப் போகச் சொல்வாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. அவர் கணவர் வெளியே ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தேன். "எனக்கொண்ணும் பிரச்சனையில்ல கேட்டோ. அது அவளோட சொத்து" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"அண்ணே வந்து கேக்கட்டும்" என்றார் தங்கச்சி. "உங்களுக்கும் இல்ல, மியூசியத்துக்கும் இல்ல. அவுக கேட்டா அவுககிட்டக் குடுக்குறேன். அதுக்கப்பறம் யாருக்கு வேணும்னாலும் குடுத்துக்கறட்டும். குச்சனூர்ச் சின்னண்ணன அனுப்பி விடுவாக. அவரு வேணாம். இப்பல்லாம் டீ குடிக்க அவரு அடிக்கடி வந்து போறவருதான்."

இது எனக்குப் புதுச் செய்தி. பேச்சே இல்லை என்று சொன்ன மனிதர்!

அதற்கப்புறம் கொஞ்ச காலம் நான் சுருளிப்பட்டிக்கும் கூடலூருக்கும் பேச்சைச் சுமந்தேன். அண்ணனிடம் போய்ச் சொன்னால், "நான் குடுத்த மூடிய நானே போய்க் கேக்கணுமா?" என்பார். தங்கச்சியிடம் போய்ச் சொன்னால், "நான் வாங்குனத நானே கொண்டுபோய்க் குடுக்கணுமா?" என்பார். இரண்டு பேருக்கும் ஒரே குரல், மூக்கால் பேசுகிற ஒரே மாதிரிக் குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் என்று தெரியாது. மியூசியத்தில் அந்தப் பெட்டிக்கென்று கண்ணாடி அலமாரி வந்துவிட்டது. மூடி கிடைக்காவிட்டால் உள்பாகத்தை மட்டும் வைத்துவிடலாம் என்று மேடம் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு மியூசியத்தைப் பற்றிய கவலை கொஞ்சம்தான். இந்தச் சாக்கும் போய்விட்டால் அந்த அம்மாளை யார் தேடிப் போவார்கள் என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயம் மேடம் பாங்காக் போயிருந்தார். அங்கே ஒரு மியூசியத்தில் இதே மாதிரிப் பெட்டி, மூடியோடு முழுசாக இருந்ததாம். படம் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். அதை வைத்துக்கொண்டு சுருளிப்பட்டி போனேன். கட்டாயப்படுத்த இல்லை, இப்படித்தான் இருந்திருக்குமா என்று கேட்கத்தான்.

அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கினார்.

"இது சின்னது. எங்கம்மா பெட்டி இதவிடப் பெரிசு. இதுல யானையெல்லாம் தும்பிக்கையத் தொங்கப் போட்டிருக்கு. எங்களதுல தூக்கியிருக்கும். மொத யானை மட்டும் திரும்பிப் பாக்கும்." கண்ணாடியைக் கழற்றினார். "அந்த யானைக்கு எங்க தங்கச்சி பேரு வச்சிருந்துச்சு. சோறு திங்க மாட்டேன்னு அழுதா எங்கம்மா பெட்டியத் தூக்கிட்டு வந்துருவாக. யானைக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். யானை வாயில வச்ச சோத்த நான்தான் தின்னேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார். நானும் கம்பத்துக்கு வந்து பஸ் ஏறிவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து அவரே போன் செய்தார். "நாளைக்குக் கூடலூருப் பக்கம் ஒரு சோலி இருக்கு. நீங்களும் அங்கிட்டு வர்ற மாதிரி இருக்கா?"

"வர்ற மாதிரிதாண்ணே இருக்கு" என்றேன்.

அவர் எனக்கு முன்னாலேயே வந்து ஜீப் ஸ்டாண்டில், டீக்கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கையில் திராட்சை அட்டைப்பெட்டி. வெள்ளை வேட்டி. என்னைப் பார்த்ததும், "பக்கத்துல டீக்கடை ஏதும் இருக்கா?" என்று கேட்டார். எதிரே இருந்ததைக் காட்டினேன். யாரோ சொல்லித் தெரிந்துகொண்டவர்போலத் தலையாட்டிவிட்டு ரோட்டைக் கடந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டார்.

தங்கச்சி அவரைப் பார்த்தார். பால் சட்டியை அடுப்பில் ஏற்றினார்.

"ஒரு டீ" என்றார் அண்ணன், கல்லாவைப் பார்த்து.

தங்கச்சி டீயை ஆற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அண்ணன் ஒரு வாய் குடித்தார். குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சீனி போடல."

"உங்களுக்குத்தான் சுகர் இருக்குல்ல."

"யாரு சொன்னா?"

"குச்சனூர்ல இருந்து ஒருத்தரு வந்து போறாருல்ல. அவரு சொல்லாம இருப்பாரா? மாத்திரை ஒழுங்காத் திங்கிறது இல்லையாமே."

அண்ணன் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பலகையைப் பார்த்தார். அங்கே அந்த முதல் யானை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அத வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன் தாயி" என்றார்.

"எத?"

"மூடிய."

"கேட்டுத்தான வாங்கணும்."

"கேக்குறேன்ல."

"எப்பக் கேட்டீக?"

எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. வடைத் தட்டில் இருந்து ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டேன். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்தார். எழுந்து நின்றார். "மூடியக் குடு தாயி. அம்மா பெட்டி மூடி இல்லாமக் கெடக்கு."

தங்கச்சி பலகையில் இருந்து அதை இறக்கினார். முந்தானையால் ஒரு தடவை துடைத்தார். வெறுமனே எடுத்து அண்ணன் கையில் வைத்தார். வழக்கத்தை விட்டுவிட்டாரே என்று நான் பார்த்ததைக் கவனித்துவிட்டார்போல. "நான்தான் கூட வர்றேனே மதினி. அப்பறம் அது வெறும் பாத்திரமா?" என்றார்.

கணவரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினார். அண்ணன் கொண்டுவந்த திராட்சைப் பெட்டி டீக்கடைக் கல்லாமேல் இருந்தது. பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள். மூடி என் மடியில் வந்தது.

மியூசியத்தில் மேடம் அதைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டார். தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கச்சி அந்தக் கையை விடாமலே, கிட்டங்கியைச் சுற்றிப் பார்த்தார். புத்தர் ஒருவர், ஜப்பான் விசிறி ஒன்று, சீனத் தட்டுகள். "நல்ல ஏலக்கா வாசம் வருது" என்றார்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பெட்டியை நடுவில் வைத்தார்கள். உள்ளே தட்டு போயிற்று, கொஞ்சம் ஆடியது, ஆனால் உட்கார்ந்தது. அண்ணன் மூடியை இரண்டு கையாலும் பிடித்து மேலே கொண்டுவந்தார். விளிம்பிலேயே நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் இறங்கினால் அந்தப் பக்கம் மேலே நிற்கிறது.

"சின்னப் புள்ளையில நானே மூடுவேன். ஒரு தட்டுத் தட்டுனாப் போயிரும்" என்று கையை ஓங்கினார்.

"வேண்டாம், வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று மேடம் ஓடிவந்தார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். மூங்கில்தானே. ஒன்று கூடலூரில் சாரலிலும் டீக்கடை ஆவியிலும் இருந்திருக்கிறது. ஒன்று சுருளிப்பட்டியில் வெயிலில் கிடந்திருக்கிறது. ஒன்று ஊதியிருக்கும், ஒன்று வற்றியிருக்கும், இரண்டும் வட்டம் மாறியிருக்கும். இனி ஒன்றோடொன்று சேராது. அழுத்தினால் உடையும்.

அண்ணனுக்கு அது விளங்கியது. ஆனாலும் மூடியைக் கையை விட்டு வைக்கவில்லை. ஏதோ அவரே செய்த தப்புபோல அதன் உள்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார். தங்கச்சி பக்கத்தில் போனார்.

"விடுங்கண்ணே. பக்கத்துப் பக்கத்துல வைக்கட்டும். மூடிட்டா உள்ள இருக்க தட்டு யாரு கண்ணுக்குத் தெரியும்? சின்னண்ணே கோவிச்சுக்கிருவாரு."

அப்படியே வைப்பது என்று முடிவாயிற்று. பெட்டி ஒன்று, தட்டு ஒன்று, மூடி ஒன்று, ஒரே கண்ணாடிக்குள். கீழே வைக்கிற அட்டையில் யார் கொடுத்தது என்று எழுத வேண்டும். மேடம் கேட்டதும் தங்கச்சி அண்ணனைப் பார்த்தார். 'சுருளிப்பட்டிக் குடும்பம்' என்று அண்ணன் சொல்லிவிட்டால் அதில் தங்கச்சி இல்லை, அவ்வளவுதான்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "மூணு பேருன்னு எழுதுங்க. குடும்பம்னு பொதுவா வேணாம். அண்ணே, தங்கச்சி, தம்பி. அந்த வரிசையில."

"தங்கச்சிதான் கடைசி. தம்பி நடுவுல" என்றார் தங்கச்சி.

"எழுதுற வரிசை நான் சொல்றது" என்றார் அண்ணன், அதே மூக்குக் குரலில்.

சாயங்காலம் நான்தான் அவர்களைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். குமுளி பஸ் நின்றது. இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் தங்கச்சி உட்கார்ந்தார். பஸ்ஸில் வேறு சீட்டும் காலியாக இருந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வழிக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுக்க நான் உள்ளே ஏறினேன். கண்டக்டர் அதற்குள் டிக்கெட் போட ஆரம்பித்து அவர்களிடம் வந்துவிட்டார்.

"எங்க?" என்றார் கண்டக்டர்.

அண்ணன் சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "ரெண்டு கம்பம்" என்றார்.

கம்பம், அண்ணன் வீட்டுக்கு இறங்குகிற இடம். நான் தங்கச்சியைப் பார்த்தேன். தனக்குக் கூடலூர் டிக்கெட் என்று திருத்துவார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, தலைமுடியை ஒதுக்கிக் காதோரம் செருகிக்கொண்டார்.